கவிழ்ந்த பிறகும் மிதக்கிறதா? கனூ, கயாக் மிதவைப் பாதுகாப்புக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதலில் வாங்கியது பழைய ஃபைபர் கயாக், அதாவது இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு. பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள், விலையும் குறைவு. கழிமுகத்தில் கரையிலிருந்து நூறு அடி தூரத்தில் கவிழ்ந்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கயாக் மட்டும் பின்பக்கம் மெல்ல மெல்ல அமிழ்ந்து, மூக்கை மட்டும் வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. அதைக் கரைக்கு இழுக்க இரண்டு பேருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்கம் ஒட்டாமல் உருண்டு கிடந்த ஒரு தெர்மாகோல் துண்டு. பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

படகு இப்படி ஒரு முனையில் தொங்குவதை ஆங்கிலம் பேசும் கயாக்காரர்கள் 'கிளியோபாட்ராவின் ஊசி' என்று, எகிப்தின் பழைய கல்தூண் ஒன்றின் பெயரை வைத்துக் கிண்டலாகச் சொல்வார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலைக்குப் போன படகில் ஏற முடியாது, தண்ணீரை இறைக்க முடியாது, இன்னொரு படகில் கட்டி இழுப்பதும் பெரும்பாடு.

உங்கள் படகுக்கு இது நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். விதிகளில் தொடங்குகிறேன். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது அங்கேதான்.

சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை

அமெரிக்க விதிகள் விரிவாக எழுதப்பட்டிருப்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1971-இல் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் கடலோரக் காவல்படை வகுத்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைவான சாதாரணப் படகுகளைத் தயாரிப்பவர்கள் உள்ளேயே மிதவை வைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிரம்பினாலும் படகு முழுகக் கூடாது. 2 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வெளிப்புற எஞ்சின் மாட்டும் படகு என்றால் கிட்டத்தட்ட மட்டமாகவே மிதக்க வேண்டும், ஆட்கள் அதிலேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கும்படி.

ஆனால் இந்த மிதவை விதியில் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. பாய்மரப் படகு, காற்றடைத்த படகு, இவற்றோடு கனூவும் (பெரும்பாலும் மேல்பக்கம் திறந்திருக்கும் துடுப்புப் படகு) கயாக்கும் அதில் இருக்கின்றன. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று படகில் பதிக்கும் தகடும் இவற்றுக்குக் கட்டாயமில்லை. சுருக்கமாகச் சொன்னால், உள்ளே ஒரு சொட்டு மிதவைகூட இல்லாத கயாக்கைக் கடையில் வைத்து விற்பது அங்கே குற்றமில்லை.

சட்டம் கேட்பது ஆளுக்கான மிதவையை. படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில், அங்கீகரிக்கப்பட்ட, உடுத்தக்கூடிய லைஃப் ஜாக்கெட் ஒன்று இருக்க வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் படகு போய்க்கொண்டிருக்கும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும் (மாநிலங்கள் வேறு வயது வைத்திருந்தால் அது செல்லும்). 16 அடியும் அதற்கு மேலும் உள்ள மற்ற படகுகளுக்கு எறிந்து காப்பாற்றும் மிதவை ஒன்றும் வேண்டும். கனூ, கயாக்குக்கு அதிலும் விலக்கு.

போட்டி உலகம் இந்த விஷயத்தில் கறார். சர்வதேச கனூ கூட்டமைப்பின் ஸ்லாலோம் (வேகமாக ஓடும் நீரில் தொங்கும் கம்பங்களுக்கு இடையே ஓட்டும் போட்டி) விதிகள், படகு முழுகாதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும், இரு முனையிலும் பிடித்து இழுக்கக் கைப்பிடி இருக்க வேண்டும் என்கின்றன. ஆற்றில் கயிறும் கையுமாக நிற்கும் மீட்பு ஆட்கள் சூழப் போட்டியிடுபவருக்கே இவ்வளவு தேவை என்றால், ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிற நமக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் படகு தானாக மிதக்குமா என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு எளிது. ஒரு லிட்டர் காற்று தண்ணீருக்குள் இருந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். படகு செய்த பொருள் தண்ணீரைவிட அடர்த்தியா, இல்லையா என்பதுதான் மீதி.

மரம் மிதக்கும். பாலிஎத்திலீன், அதாவது சாதாரண பிளாஸ்டிக் கயாக், தண்ணீரைவிட மயிரிழைதான் லேசு. அடர்த்தி 0.95 அளவில் இருக்கும். அதனால் முழுகாது, ஆனால் விளிம்பு தெரிந்தும் தெரியாமலும் தண்ணீர் மட்டத்தில் கிடக்கும். ஃபைபர் 1.5-க்கு மேல், அலுமினியம் 2.7. இரண்டும் கல் மாதிரிப் போகும்.

25 கிலோ ஃபைபர் கயாக்கை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி 1.6 என்றால் அந்த ஃபைபரே 15, 16 லிட்டர் தண்ணீரை விலக்கும். பாக்கி 9, 10 கிலோ. ஆகவே பத்து காலி ஒரு லிட்டர் பாட்டில்களை மூடி இறுக்கி உள்ளே கட்டிவிட்டால் போதும், அது அடிக்குப் போகாது. 32 கிலோ அலுமினியக் கனூவுக்கு இதே கணக்கில் 20 லிட்டர். அதனால்தான் அலுமினியக் கனூக்களின் இரு முனையிலும் மூடிய அறைக்குள் ஃபோம் வைத்திருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு "அவ்வளவுதானா, பத்து பாட்டிலா?" என்று எழுந்து போய்விடாதீர்கள். இது முழுகாமல் இருப்பதற்கான கணக்கு. நமக்கு வேண்டியது அதற்கு மேல்.

இரண்டாம் படி: தண்ணீர் நுழையும் இடத்தைக் குறையுங்கள்

பதினாறு அடி திறந்த கனூவில் விளிம்புவரை தண்ணீர் நின்றால் அரை டன் வரும். அதை ஆட்டி, கவிழ்த்து, காலி செய்ய நடு ஆற்றில் ஒருவரால் ஆகாது. ஓடும் ஆற்றில் அந்த அரை டன் உங்களுக்கும் ஒரு பாறைக்கும் நடுவே வந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவிழ்ந்த படகுக்குக் கீழ்நீர்ப் பக்கம் (நீர் ஓடிச் செல்லும் பக்கம்) நிற்காதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது இதற்காகத்தான்.

மிதவைப் பையின் உண்மையான வேலை இடத்தை அடைப்பது. காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்க முடியாது. முன்னும் பின்னும் இரண்டு பெரிய பைகளை வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தை மட்டும் விட்டால், அரை டன் ஏறும் படகில் அதில் ஒரு பங்குதான் ஏறும். படகும் உயர மிதக்கும், பாறையில் எளிதில் மாட்டாது. பெரும்பாலும் நீங்களே திருப்பிப் போட்டு ஏறிவிடலாம். எனவே எத்தனை லிட்டர் மிதவை இருக்கிறது என்பதோடு, எத்தனை லிட்டர் காலியாக விட்டிருக்கிறேன் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

நம் ஊர்க் கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. தண்ணீர் தங்க அதில் வயிறே இல்லை. அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கில் வழிந்துவிடும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கும் அதே யோசனையில் பிளாஸ்டிக்கில் செய்ததுதான். ஆனால் அதற்கு மூடிய வயிறு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எதை வைத்து அடைப்பது

காற்றுப் பைகள் முதல் தேர்வு. வினைலில் செய்தவை விலை குறைவு. யூரித்தேன் பூசிய நைலான் பை விலை அதிகம், ஆனால் லேசு, உரசலையும் தாங்கும். கடையில் கனூவுக்கு என்றும் கயாக்குக்கு என்றும் தனித்தனி வடிவத்தில் கிடைக்கும்.

ஃபோம் வைப்பதானால் மூடிய நுண்ணறை (closed-cell) ஃபோம் வேண்டும், அதாவது பஞ்சு மாதிரி நீர் உறிஞ்சாத வகை. மிதவைக்கும் உதவும், படகின் மேல்தளம் அமுங்காமல் தூணாகவும் நிற்கும்.

தெர்மாகோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எங்கும் கிடைக்கும், லேசானது, மலிவு. என் கயாக்கின் பின்பக்கத்துக்கு நானும் முதலில் அதைத்தான் வெட்டினேன். இடத்தில் பொருத்தி, மேலே ஃபைபர் பாய் விரித்து, கடையில் வாங்கிய பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் தெர்மாகோல் வெயிலில் வைத்த ஐஸ் போலக் குழிந்து, நுரைத்து, ஐந்து நிமிடத்தில் ஒரு பிசுபிசுப்பான குளமாகிவிட்டது. அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலும் அப்படியே. எபாக்ஸி ரெசின் கரைக்காது. தெர்மாகோல்தான் வைப்பேன் என்றால் எபாக்ஸி பயன்படுத்துங்கள், அல்லது கனமான பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டுங்கள். உறையில்லாமல் விட்டால் உதிர்ந்து தண்ணீரெல்லாம் வெள்ளை மணியாக மிதக்கும். வருடக்கணக்கில் நனைந்து கிடந்தால் கனமும் ஏறும்.

இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோமை மூடிய அறைக்குள் ஊற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. அது விரியும்போது மெல்லிய ஃபைபர் சுவரைப் புடைக்க வைத்துவிடும். உள்ளே நீர் புகுந்தால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கையில் காசில்லையா? காலி பாட்டில்களும் மூடியுள்ள கேன்களும் தாராளமாக வேலை செய்யும், ஒரு வலைப் பையில் போட்டு அசையாமல் கட்டினால். கடற்கரையில் விற்கும் ரப்பர் பந்து வேண்டாம். ஒரு ஆணி பட்டால் கதை முடிந்தது.

நான்காம் படி: திறந்த கனூவில் பை கட்டுவது

பை வாங்குவதைவிடக் கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. சும்மா திணித்து வைத்த பை கவிழ்ந்த நொடியில் வெளியே துள்ளி, ஆற்றோடு போய்விடும். படகு கீழே, பை மேலே.

இரு விளிம்புக்கும் சற்றுக் கீழே, பை உட்காரும் நீளம் முழுக்க, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் நைலான் கயிற்றை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று குறுக்கும் மறுக்குமாக, கயிற்றுக் கட்டிலுக்குப் பின்னுவது போலக் கோத்து இழுங்கள். இது பையின் மேல்கூரை. பையில் நீங்கள் உட்காரும் பக்கம் இருக்கும் முனையைப் பிடிக்க, படகின் தரையில் ஒரு வளையம் ஒட்டி, அதிலிருந்து பையின் மேலாக ஒரு பட்டையை விளிம்புக் குறுக்குக்கட்டைக்குக் கொண்டுபோங்கள். பையிலேயே கண்ணி இருந்தால் அதையும் தனியாகக் கட்டுங்கள். ஒரு கயிறு அறுந்தாலும் பை நிற்கும்.

பையைக் கூண்டுக்குள் சுருங்கிய நிலையில் செருகி, பிறகு ஊதுங்கள். ஊதும் குழாய் உங்கள் கைக்கு எட்டும் பக்கம் வரட்டும். நன்றாக ஊதியதும் கயிறு பையை அழுத்த வேண்டும், கை நுழையும்படி தொங்கக் கூடாது. தொங்கும் கயிறு காலில் சிக்கும். மிதவைக்காகக் கட்டிய கயிறே ஆளை நீருக்கடியில் பிடித்துவைத்தால் அதைவிடக் கொடுமை இல்லை. மீந்த நுனிகளை வெட்டி, நெருப்புக் காட்டி முடித்துவிடுங்கள்.

இருவர் ஓட்டும் கனூவில் நடுவிலும், தனியாள் ஓட்டுவதில் முன்னும் பின்னும் என்று இடம் மாறும். அமைதியான ஏரிக்கு இரு முனைகளில் சிறிய பைகள் போதும். பாறை ஆற்றுக்கு ஆள் உட்காரும் இடம் தவிர எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள்.

பயணச் சுமையை நீர்புகாப் பையில் அடைத்து ஏற்றினால் அதுவும் மிதவைதான், கட்டியிருந்தால்.

ஐந்தாம் படி: மூடிய கயாக்

கடல் கயாக்கில் உட்காரும் குழிக்கு முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இருக்கும். சுவருக்கு அப்பால் உள்ள அறைதான் மிதவை. மலிவான ஏரிக் கயாக்குகளில் பின்பக்கம் மட்டும் சுவர் வைத்து, முன்பக்கத்தைத் திறந்தே விட்டிருப்பார்கள். கவிழ்ந்தால் மூக்கு கீழே போகும், என் கதையின் மறுபக்கம். அந்த முன்பக்கத்தில் கால் மிதிக்கு அப்பால் ஒரு காற்றுப் பையைச் செருகிக் கட்டுவதுதான் இந்த வழிகாட்டியிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை. நடுவே ஃபோம் தூண் இருந்தால் இருபுறமும் வைக்கிற மாதிரி பிளந்த வடிவப் பைகள் கிடைக்கின்றன.

சுவர் இருக்கிறது என்பதால் அதை நம்பிவிடாதீர்கள். மூடியில் உள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், சுவர் ஒட்டிய விளிம்பில் பசை விட்டிருக்கும். சோதிக்க ஒரு வழி: உட்காரும் குழியில் மட்டும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். பின்பு அறையின் மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, டம்ளரில் பிழியுங்கள். ஒரு டம்ளருக்குள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். அரை வாளி வந்தால் ஒட்ட வேண்டும்.

சில சுவர்களில் குண்டூசி அளவு துளை இருக்கும். அது ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்தால் வெளியேறத்தான் அது. 25 டிகிரியில் மூடிய அறை வெயிலில் 60 டிகிரிக்குப் போனால் உள்ளழுத்தம் எட்டில் ஒரு பங்கு கூடும். துளை இல்லையென்றால் சுவரோ மூடியோ தான் வழிவிடும்.

மேலே உட்காரும் கயாக்

சுற்றுலா இடங்களில் வாடகைக்கு விடுவது பெரும்பாலும் இதுதான். நல்ல வடிவம், கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிவிடலாம். ஆபத்து மறைந்திருப்பது அதன் மூடிய வயிற்றுக்குள். தண்ணீர் வடியும் துளைகளின் ஓரத்தில்தான் விரிசல் விடும், மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடம். உள்ளே பத்து லிட்டர் புகுந்தாலும் வெளியே தெரியாது. தட்டு நிறையத் தண்ணீரை ஏந்தி நடந்து பாருங்கள். சாய்ந்த பக்கமே எல்லாம் ஓடி, மேலும் சாய்க்கும். படகும் அப்படித்தான் கவிழும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஏறுவதற்கு முன் ஒரு முனையைத் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் வேறு படகு கேளுங்கள். பின்னால் இருக்கும் வடிகால் மூடி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமலே அனுப்பிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். சொந்தப் படகு என்றால் மேல் மூடி வழியாக நீச்சல்குள நூடுல்ஸ் எனப்படும் ஃபோம் குழாய்களைத் திணித்துவிடுங்கள், விரிசல் விட்டாலும் படகு கைவிடாது.

ஆறாம் படி: உங்கள் உடம்பில் இருப்பது

பெரும்பாலான பெரியவர்களுக்குத் தலையை நீருக்கு மேல் வைக்க 3 முதல் 5 கிலோ கூடுதல் மிதப்பு போதும். அமெரிக்காவில் துடுப்புக்காரர்கள் போடும் வழக்கமான ஜாக்கெட் சுமார் 70 நியூட்டன், அதாவது 7 கிலோ தூக்கும். ஐரோப்பிய முத்திரையில் 50, 100, 150, 275 என்று எண்கள் இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையும் உதவியும் பக்கத்தில் இருக்கும்போது. 100-உம் அதற்கு மேலும் மயங்கியவரை முகம் மேலே வரத் திருப்ப முயல்பவை. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 150 வாங்கி கயாக்கில் போட்டால் துடுப்பு வலிக்கவும் முடியாது, கவிழ்ந்த படகில் வயிறு வைத்து ஏறவும் முடியாது. கயாக்குக்கு 50 அல்லது 70 சரி. நீந்தத் தெரியாதவர் என்றால் 100 போட்டு, கரையோரமாகவே போகட்டும்.

காற்று நிரம்பும் வகை ஜாக்கெட் அமெரிக்க விதியில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செல்லாது. பாறை ஆற்றுக்கும் அது ஆகாது.

அளவு பார்ப்பது எப்படி? எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். காதுவரை ஏறினால் அது உங்களுடையதல்ல. பிள்ளைகளுக்கு "வளர்ந்தால் போடுவான்" என்று பெரிய அளவு வாங்கும் பழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முத்திரையில் உள்ள எடை அளவைப் பாருங்கள்.

அப்புறம், போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள். இருக்கைக்கு அடியில் வைத்திருந்ததைக் கவிழ்ந்த பிறகு தேடிப் போடுவது என்பது, சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டே ஹெல்மெட் மாட்டுவது போல. அதன் மேல் உட்காரவும் வேண்டாம். ஃபோம் நசுங்கினால் மிதப்பும் குறையும்.

ஏழாம் படி: வேண்டுமென்றே மூழ்கடியுங்கள்

இதைச் செய்யாதவரை மேலே சொன்னதெல்லாம் நம்பிக்கை மட்டும்தான். காற்றில்லாத காலை, இடுப்பளவு தண்ணீர், மணல் தரை, கூட ஒருவர். வழக்கமாக எடுத்துப் போகும் சுமையோடு படகைக் கவிழ்த்து, திருப்பி, விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள்.

தள்ளி நின்று பாருங்கள். இரு முனையும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஒரு முனை தாழ்ந்தால் அங்கே பை சிறியது. உட்காரும் இடத்தின் விளிம்பு நீருக்கு மேல் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் இறைக்க இறைக்க ஆறு ஊற்றிக்கொண்டே இருக்கும். இப்போது ஏறி உட்காருங்கள். ஏறிய பிறகும் விளிம்பு மேலே இருந்தால் பாதி வெற்றி. கைப்பம்போ வாளியோ வைத்து இறைத்து, எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னும் இடம் அடைக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பிறகு தண்ணீர் நிரம்பியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டு டீ குடியுங்கள். மெல்லக் கசியும் பை அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். என் கயாக்கில் முன்பக்கப் பை அப்படித்தான் மாட்டியது. மூடி மரையில் ஒரு மணல் துகள், அவ்வளவுதான்.

கரையேறியதும் பைகளில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். காரின் மேல் கட்டி வெயிலில் நிறுத்தினால் நிறைய ஊதிய பை தையலோரம் பிளந்துவிடும். அடுத்த முறை குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் பை தொளதொளக்கும். ஐந்து நிமிடம் மிதந்த பிறகு மறுபடி இரண்டு மூச்சு ஊதிக்கொண்டு கிளம்புங்கள்.